நிறுத்தி வைத்த கடிதங்கள்

கொமினிகேசன் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் வருவது அவருடைய முகமல்ல, ஒரு நீலப் படங்குத் துண்டுதான். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த நிவாரணக் கூடாரங்களில் ஒன்றின் கூரையை வெட்டி, கையாலேயே தைத்து, கடையிலிருந்த கணினித் திரைக்கு உறை செய்து வைத்திருந்தார். கூடாரம் கொடுத்தவர்களின் பெயரில் பின்பாதி எழுத்துகள் மட்டும் தலைகீழாக அதில் தொங்கிக்கொண்டிருக்கும். கடை வாசலில் யாருடைய நிழலாவது விழுந்தால் போதும், தலையைத் திருப்பாமலேயே அக்காவின் வலக்கை நீண்டு அந்தப் படங்கை இழுத்துத் திரையை மூடிவிடும். வந்தது போட்டோ கொப்பி எடுக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம், கோயில் ஐயராக இருக்கலாம், அவருடைய சொந்தச் சித்தியாகக்கூட இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். எனக்கு மட்டும் மூடமாட்டார். அந்தச் சலுகை எப்போது கிடைத்தது என்று நினைவில்லை. அதைப் பெரிய பட்டம் போல நான் சுமந்து திரிந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெரியகல்லாற்றில் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே பிரதான வீதி. வீதியின் வாவிப் பக்கத்தில் அக்காவின் கொமினிகேசன் கடை இருந்தது. எல்லார் கையிலும் தொலைபேசி வராத காலம். வெளிநாட்டுக்குப் பேச வேண்டியவர்கள் அங்கேதான் வரவேண்டும். பலகையும் கண்ணாடியும் அடித்துச் செய்த சின்னக் கூண்டுக்குள் நின்று பேசுவார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்று நம்புவார்கள். எல்லாம் கேட்கும். யாருடைய மகள் டோகாவில் எந்த வீட்டில் அழுதுகொண்டு வேலை செய்கிறாள், யாருடைய மருமகன் சுவிஸில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை. ஆனால் தான் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததாலேயே, எல்லா லைனிலும் தன்னைப் போல ஒருத்தர் காதை வைத்துக்கொண்டு இருப்பார் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. "கதைக்கிறது ரெண்டு பேர் எண்டு நினைக்காத கா. எப்பவும் மூண்டு பேர்," என்பார். எங்கள் பக்கத்தில் பெண்ணை உரிமையோடு கூப்பிடுகிற சொல் அந்தக் "கா". நான் சிரிப்பேன்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்ததோடு நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கமிருந்த அக்காவின் வீடு அத்திவாரத்தோடு போயிற்று. தாயும் போனார். தாயை அடக்கம் செய்த அடுத்த வாரமே அக்கா கடையைத் திறந்தார். எங்கள் ஊரில் பிறந்து லண்டனில் கணினி வேலை செய்த ஒருவர் அப்போது ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கியிருந்தார். நாங்கள் அவரை லண்டன் அண்ணன் என்போம். ஒருவர் எழுதினால் குழுவிலிருக்கும் எல்லாருக்கும் அந்தக் கடிதம் போகும். ஊரிலிருந்து எழுத ஆள் தேவைப்பட்டது, அக்கா எழுதினார். தமிழ் எழுத்து வராத கணினி. ஆங்கில எழுத்தில் தமிழை உடைத்து உடைத்து, இரண்டு விரலால் தட்டுவார். உயிரோடு கண்டவர்களைக் "கண்டன்" என்று எழுதுவார், மற்றவர்களைக் "காணல்ல" என்று. உடலைப் பார்த்த ஒருவர் நேரில் வந்து சொல்லாமல் ஒருவரையும் அவர் செத்தவர் வரிசையில் போட்டதில்லை. எவ்வளவு அழுதுகொண்டு வந்து சொன்னாலும், "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காக அவரை வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள் உண்டு. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேர் வைத்தியசாலையிலிருந்து நடந்து வந்தபோது ஏச்சு நின்றது.

நான் அப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாளும் பஸ்ஸில் போய் வருவேன். பின்னேரம் கல்லாற்றில் இறங்கியதும் அக்காவின் கணினிக்கு வந்த நோய்நொடிகளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். குழு வளர்ந்துகொண்டே போயிற்று. செத்தவர் கணக்கு முடிந்ததும் கல்யாணம், புதுவீடு, கோயில் கும்பாபிஷேகம், பழைய சண்டை என்று ஊரே அதற்குள் வந்து குந்திக்கொண்டது. கூட்டம் கூடினால் வேண்டாதவர்களும் கலப்பார்கள் என்று அக்கா ஒரு வழி செய்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரை அறிவது தாய்வழிக் குடியால்தான். தாயின் குடியே பிள்ளையின் குடி. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. குழுவில் சேர விரும்புகிறவர் என்ன குடி, தாய்வீடு எந்த ஒழுங்கையில், தங்கள் குடியின் திருவிழா எத்தனையாம் நாள் என்று அக்காவுக்கு எழுதவேண்டும். அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தாய்வீட்டுக்கே போவார். "உங்கட கனடாப் பேரன் சின்னனில கிணத்துக்க விழுந்தவன்தானே? தூக்கினது ஆர்?" என்று விசாரித்து வந்து, அதே கேள்வியைக் கனடாவுக்கு எழுதுவார். பதில் பொருந்தினால்தான் ஆள் உள்ளே. ஆறு வயதில் ஊரை விட்டுப்போன ஓர் அவுஸ்திரேலிய டொக்டர், திருவிழா நாளைத் தப்பாக எழுதியதற்காக இரண்டு மாதம் வாசலில் நின்றார்.

அந்தப் பதில் கடிதங்களை அக்கா யாருக்கும் விடமாட்டார். குழுவின் ஒவ்வொரு கடிதமும் அவர் வாசித்து விட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். விடக்கூடாததை "நிறுத்தம்" என்ற பெட்டிக்குள் தள்ளிவிடுவார். விட்ட கடிதங்களையும் முழுதாக விடமாட்டார். யார் எந்தத் தேதியில் ஊருக்கு வருகிறார் என்று இருந்தால் அந்த வரி போய்விடும். யாருடைய மகன் இப்போது யார் வீட்டில் நிற்கிறான் என்று இருந்தால் அதுவும் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது சுகம் விசாரிப்பும் மழையும்தான். "நான் ரெண்டு பக்கம் எழுதினன், அக்கா நாலு வரி விட்டிருக்கா" என்று எல்லா நாட்டிலிருந்தும் முறைப்பாடு வரும். இதற்குக் காரணம் வெறும் சந்தேகப் புத்தி என்றுதான் நானும் நினைத்தேன். அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்ன வயதில் ஆயுத இயக்கத்தால் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, கிழக்கில் அந்த இயக்கம் இரண்டாக உடைந்தபோது வீட்டுக்கு ஓடி வந்தவர். அதன் பிறகு எல்லாப் பக்கமும் அவரைத் தேடியது. டோகாவில் வேலை செய்த மூத்த சகோதரியோடு அவரும் போய்விட்டார் என்று அக்கா ஊருக்குச் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் பல இடம் மாறி, கடைசியில் வாவிக்கு அப்பால் வெல்லாவெளியில், சின்னம்மா ஒருவரின் வட்டை வயலில், காவல் குடிசையான வாடியில் ஒளிந்திருந்தார். இது இரண்டு சகோதரிகளுக்கும் அந்தச் சின்னம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். படங்கு மூடாத எனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமைக்காரரைத்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட், கறுப்புக் காற்சட்டை, மோட்டார் சைக்கிள். எந்த ஊர்க்காரர் என்று பார்த்துப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிபோல வருவார். அக்கா மேசை லாச்சியைத் திறந்து பிரின்ற் எடுத்த தாள்களை ஒரு பழைய உறையில் போட்டுக் கொடுப்பார். வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போவார். ஒரு விடுமுறை நாளில் இதை நான் என் கண்ணால் கண்டேன். "ஆரக்கா அவர்?" என்று கேட்டதற்கு, "ஒரு ஆள்," என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது மேல் தாளை எட்டிப் பார்த்தேன். எங்கள் குழுவின் கடிதங்கள். ஊரெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக் குரலைத் தாழ்த்திய காலம் அது. யார் யாருக்குச் சொல்கிறார் என்பதுதான் எல்லாருடைய யோசனையும். அக்காவே எங்களைக் காட்டிக் கொடுக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கடிதங்களை வெட்டுவதுகூட, நல்ல பகுதியை அந்த ஆளுக்கு வைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டேதான் இப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லண்டன் அண்ணனுக்கு எழுதினேன். அவர் ஏற்கெனவே அக்காவோடு கொதித்துக்கொண்டு இருந்தவர். ஒரே கேள்வி பத்துத் தரம் வருகிறது, பழைய கடிதத்தைத் தேடி எடுக்க வழியில்லை, பெட்டி நிரம்பி வழிகிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொம்பிளையின் கையில் எல்லாம் முடங்கிக் கிடக்கிறது என்பது அவருடைய குறை. இனி மின்னஞ்சல் வேண்டாம், ஒரு கருத்துக்களம் திறப்போம் என்றார். தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, யாரும் எப்போதும் வந்து வாசிக்கலாம், பதில் எழுதலாம். ஒவ்வொரு குடிக்கும் ஓர் அறை, திருவிழா நாள் ஒழுங்கில். இந்தக் கடைசி யோசனை எனக்குத் தேனாக இனித்தது. உலகம் முழுக்கச் சிதறிப்போனவர்கள் தங்கள் தங்கள் குடி அறையில் போய் இருப்பார்கள்! "புள்ள, நீ கெதியாச் செய். அவவின்ட கையில இருக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் பாதுகாப்பில்ல," என்று லண்டன் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். அந்த அழைப்பு வந்ததும் அக்காவின் கடைக் கூண்டுக்குத்தான். கூண்டுக்கு வெளியே அக்கா யாருக்கோ போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. கருத்துக்களம் என்றால் என்ன என்று என்னிடம் விளக்கம் கேட்டார். கடிதம் வீட்டுக்கு வருகிற மாதிரி மின்னஞ்சல், சந்தியில் எழுதி ஒட்டுகிற மாதிரி களம் என்றேன். "அப்ப சந்தியால போறவன் வாறவன் எல்லாம் வாசிப்பான்," என்றார். "அதுதானே வேணும் அக்கா," என்றேன். "வாசிச்சது ஆரெண்டு எழுதினவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பேர் தெரியாது, எத்தனை தரம் திறந்து பார்க்கப்பட்டது என்ற எண் மட்டும் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் விழும் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒரு தாளில் கடவுச்சொல்லை எழுதித் தந்தார். தரும்போது தாளின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு, "விட்ட கடிதமெல்லாம் கொண்டு போ. நிப்பாட்டி வச்சதத் தொடாத. அத நான் மறுகா பாத்துக்கொள்ளுறன்," என்றார். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. தொடாதே என்கிறார் என்றால் தொடவேண்டியது அங்கேதான் இருக்கிறது என்று என் புத்தி சொல்லிற்று.

எனக்கு ஒரு சாட்டும் கையில் இருந்தது. ஆட்களைக் குடிவாரியாக அறைகளில் போட வேண்டுமென்றால் அவர்கள் என்ன குடி என்று தெரியவேண்டும். அந்தப் பதில்கள் எல்லாம் கிடந்தது நிறுத்தப் பெட்டியில். அதை விட்டால் நூற்றுக்கணக்கான ஆட்களிடம் முதலிலிருந்து குடி கேட்கவேண்டும். மாரிக்காலம், வடக்கில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி நிலையத்தில் இருந்து, விட்டதையும் நிறுத்தியதையும் சேர்த்து மொத்தமாகக் களத்துக்கு மாற்றினேன். சனி, ஞாயிறில் அக்காவின் கடையிலிருந்து பிரித்து எடுக்கலாம் என்பது என் திட்டம். களத்தின் விலாசத்தை லண்டன் அண்ணன் முந்தின வாரமே குழுவுக்கு அறிவித்திருந்தார். உறுப்பினர் அல்லாதவரும் வாசிக்கலாம் என்ற அமைப்பு, களத்தை நிறுவும்போது தானாகவே விழுந்திருந்தது. நான் அதைப் போய்ப் பார்க்கவே இல்லை. நிறுத்தப் பெட்டியின் தலைப்புகள் வரிசையாகத் திரையில் ஏறின. குடி, குடி, குடி என்று போய்க்கொண்டிருந்ததன் நடுவே "தம்பி" என்று ஒரு தலைப்பு. திறந்தேன்.

டோகா சகோதரி எழுதிய கடிதம் அது. அக்கா குழுவுக்கு அனுப்பிய ஏதோ ஒரு கடிதத்துக்கு, அக்காவுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துப் பதில் பொத்தானை அமத்தியிருக்கிறார். குழுக் கடிதத்துக்குப் பதில் போட்டால் அது எல்லாருக்கும் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா இடையில் நின்று அதைப் பிடித்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "தம்பி இன்னும் வெல்லாவெளியில சின்னம்மாட வாடியிலயா? பனிக்கு உடுப்பு இருக்கா? குளத்துக்கட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடிப்போச்சு எண்டு கேள்விப்பட்டன்" என்று ஒரு தமக்கை கேட்கிற சாதாரணக் கேள்விகள். வாசித்து முடித்தேன். அக்கா எதை மூடினார் என்று அப்போதுதான் விளங்கிற்று. அழிக்கப் போனேன். மின்சாரம் நின்றுவிட்டது. வெளியே வானம் உடைந்து கொட்டியது. கடைசி பஸ் போய்விடும் என்று நிலையக் காவலர் கதவைப் பூட்ட வந்துவிட்டார். ஊருக்கு வந்தால் கல்லாற்றுத் தொலைபேசி லைன் மழையில் செத்துக் கிடந்தது. அக்காவின் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். லைன் வந்தவுடன் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்று நினைத்தேன். சனியும் ஞாயிறும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை லைன் வந்தது. எனக்கு முந்தி அக்கா பார்த்துவிட்டார். ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். வாசலில் என் நிழல் விழுந்தபோது படங்கு மூடவில்லை. திரையில் அந்தக் கடிதம் திறந்தபடி நின்றது. தலைப்புக்குப் பக்கத்தில் "பார்வை: 3" என்று இருந்தது. "நான் இப்பதான் ஒருக்காத் திறந்தன்," என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "நீ எத்தினை தரம் திறந்தாய்?" நான் யோசிக்கவில்லை. "ஒருக்காத்தான் அக்கா," என்றேன். ஒருக்கா என்பது குறைந்த குற்றம் மாதிரித் தோன்றியது. அக்கா கதிரையில் சாய்ந்தார். "செவ்வாய்க்கிழமை வாற மனிசன் முதலாவது வருஷத்தில இருந்து கடிதத்தக் கேட்டு வாங்கிக்கொண்டு போறான் புள்ள. குடுக்காட்டிக் கடையும் இல்ல, நானும் இல்ல. அவன் வாசிப்பான் எண்டு தெரிஞ்சுதான் எல்லாற்ற கடிதத்தையும் வெட்டினன். களத்திட விலாசமும் போன கிழமைத் தாளில போயிருக்கு." பிறகு எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒண்டு நீ. ஒண்டு நான். இது ஆர்?" கடிதத்தை மட்டுமல்ல, பதற்றத்தில் களம் முழுவதையும் துடைத்து அழித்தேன். எங்கிருந்து யார் திறந்தார்கள் என்ற பதிவும் அதோடு போயிற்று.

வெல்லாவெளியிலிருந்து தயிர் கொண்டு வருகிற ஒருவர் அன்று ஊருக்கு வந்திருந்தார். அக்கா அவரிடம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார்: இடம் தெரிந்துவிட்டது, நிற்காதே, உடனே புறப்படு. தாளில் எழுதவில்லை, வாய்ச்சொல்தான். நான் வேலைக்குப் போகாமல் கடையில் நிற்க, செவ்வாய் பத்து மணிக்கு வெள்ளைச் சேட்டுக்காரர் வழக்கம்போல வந்தார். உறையை வாங்கினார். போகும்போது மழையைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்குமுன் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் அக்காவும் தனித்தனியாக எத்தனையோ நாள் யோசித்திருப்போம். வட்டையெல்லாம் வெள்ளம் மூடிக் கிடந்தது. வாவியில் காற்று எழும்பித் தோணி ஒன்றும் ஓடவில்லை. தம்பிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஒரு வருஷமாக அவர் கால் வைக்காத பெருவீதியில், புதன் விடியும்போது சைக்கிளில் புறப்பட்டிருக்கிறார். வாவியைக் கடக்கிற பட்டிருப்புப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னே வீதியோரத்தில் சைக்கிள் கிடந்தது. உடுப்புப் பை அதன் கைபிடியில் தொங்கியது. ஆள் இல்லை. இன்றுவரை இல்லை. செவ்வாய்க்கிழமைக்காரரும் அதன் பிறகு ஒருநாளும் வரவில்லை.

மூன்றாவது பார்வை லண்டன் அண்ணனுடையதா என்று அக்கா தொலைபேசி எடுத்துக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "நான் திறக்கவே இல்ல தங்கச்சி," என்று அவர் சத்தியம் பண்ணினார். ரிசீவரை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "கேட்ட உடன சொன்னான் பாத்தியா? யோசிக்காமச் சொல்லுற ஆளை நம்பாத கா." அதன்பின் அவரோடு அக்கா பேசவில்லை. களமும் இல்லை, குழுவும் இல்லை. சேர்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அக்கா விற்றுவிட்டார் என்றவர்கள் உண்டு, லண்டன் அண்ணன் எடுத்துக் கொடுத்தார் என்றவர்கள் உண்டு. என்னை ஒருவரும் சொல்லவில்லை. நான் தொழில்நுட்பம் பார்க்கிற பிள்ளை. சண்டை முடிந்து வடக்கில் சனத்தை முகாம்களில் அடைத்தபோது, ஒருவேளை அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அக்கா தம்பியின் படத்தோடு முள்ளுக்கம்பி வேலி வேலியாக அலைந்தார். முகாமிலிருந்து வந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, இந்தப் பையன் செத்துவிட்டான் என்று உறுதியாகச் சொன்னாராம். அக்கா அவரிடமும், "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார். அவர் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தை நான் எத்தனை தரம் அவிழ்த்துக் கட்டியிருப்பேன் என்று சொல்ல முடியாது. கடிதத்தைத் திறந்தேன், வாசித்தேன், இது தெளிவு. மின்சாரம் நின்றது, இதுவும் தெளிவு. இரண்டுக்கும் நடுவே நான் எழுந்து யன்னலடிக்குப் போனது போல ஒரு நினைவு, சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. யன்னலடியில் நின்று வீதியைப் பார்த்தேன். யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். திரும்பி வந்தபோது திரையில் கடிதம் இருந்ததா, தலைப்பு வரிசை இருந்ததா? பயத்தில் முதலில் அதை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். அப்படியானால் அழிப்பதற்காக நான் அதை மறுபடி திறந்திருக்கவேண்டும். அப்படியானால் மூன்றாவதும் நான்தான். ஒருவரும் பார்க்கவில்லை. வாடியிலிருந்த பிள்ளையை யாரும் தேடிப் போகவில்லை. என் "ஒருக்கா"வை நம்பி நாங்கள்தான் அவரை எழுப்பி, மழையில், பெருவீதிக்கு அனுப்பினோம். இன்னொரு நாள், இல்லை, ஒரு தரம்தான் திறந்தேன் என்று தோன்றும். அப்போது வெள்ளைச் சேட்டுக்காரர் எங்கேயோ ஒரு திரைக்கு முன்னால் இருந்து என் கைவேலையை வாசித்துக்கொண்டிருப்பார். எது உண்மையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் நான் இருக்கிறேன்.

கல்யாணமாகி ஊரை விட்டுப் போகும் முன் ஒரு நாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கடையில் வேறு ஒருவரும் இல்லை. போட்டோ கொப்பித் தாள்களை அக்கா தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, அண்டைக்கு நான் ரெண்டு தரம் திறந்திருப்பன் போல கிடக்கு," என்றேன். அடுக்குவது நிற்கவில்லை. "அண்டைக்கு ஒருக்கா எண்டாய்," என்றார். "ஓம் அக்கா. பயத்தில சொல்லிட்டன்." அக்கா தாள்களை நாலு பக்கமும் நேராக்கினார். "நீ ஒருக்கா எண்டதாலதான் நான் அவன வெளிக்கிடச் சொன்னன்," என்றார். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. யாருக்கோ விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். அவர் ஏசியிருந்தால், மேசையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருந்தால், நான் அழுது காலில் விழுந்திருப்பேன். அவர் என் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி, ஆறுகிறது குடி என்றார். குடித்தேன்.

இப்போது ஊருக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. யார் எந்த விமானத்தில் வருகிறார், எந்த ஹோட்டலில் தங்குகிறார், யாருடைய பிள்ளை எந்த நாட்டில் ஒளிந்து வேலை செய்கிறது எல்லாம் படத்தோடு வருகிறது. ஒரு செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் பெயராகக் காட்டுகிறது. அதைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொட்டை எண்தான் நினைவுக்கு வரும். எதையும் ஒரு தரத்துக்கு மேல் திறக்காமல் பழகப் பார்க்கிறேன்; முடிவதில்லை. அக்கா அந்தக் குழுவில் இல்லை. கேட்டால், தனக்கு அதெல்லாம் விளங்காது என்கிறாராம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கடைக்குப் போனேன். தொலைபேசிக் கூண்டுக்குள் இப்போது வாளியும் விளக்குமாறும் நிற்கின்றன. ரீலோட், போட்டோ கொப்பி, லமினேற்றிங் என்று பலகை தொங்குகிறது. உள்ளே ஒரு புதுக் கணினி. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தலைமுடி முழுதும் வெளுத்துவிட்டது. திரையில் சீட்டு விளையாட்டு ஒன்று பாதியில் நின்றது. என் நிழல் வாசலில் விழுந்தது. தலையைத் திருப்பாமலேயே அவருடைய வலக்கை நீண்டது. நீலம் போய்ச் சாம்பலாகிவிட்ட அந்தப் படங்கு திரையின் மேல் இறங்கிற்று. பிறகுதான் திரும்பினார். "நீயா புள்ள? எப்ப வந்தாய்? இரு, தேத்தண்ணி வைக்கிறன்," என்று மர வாங்கைக் காட்டினார். நான் இருந்தேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். நான் எழுந்து வரும்வரைக்கும் படங்கு மூடியபடியே இருந்தது.